ஜோசப் கெர்பர் என்னும் பொறிவல்லார்

இலக்கணம் கற்கும் மாணாக்கர்க்கு ஆகுபெயர் புதிதன்று. ஒரு நூலைச் செய்தவரின் பெயர் அந்நூலுக்கே ஆகி வழங்குதலைக் கருத்தாவாகுபெயர் என்று நாம் படித்திருக்கிறோம். திருவள்ளுவரைப் படித்தேன் என்று ஒருவர் சொன்னால் அவர் குறளைப் படித்தார் என்றே கொள்கிறோம் அன்றோ? இத்தகைய ஆகுபெயர் ஒன்று நூலகத்தில் அன்றித் தொழிற்சாலையில் நாள்தோறும் வழங்கிவருகின்றது. மின்சுற்றுப் பலகை செய்யும் ஆலைகளிலே, கெர்பர் வந்து சேர்ந்ததா, கெர்பரைத் திறந்து பார்த்தாயிற்றா என்று பணியாளர் ஒருவரையொருவர் வினவுவர். அவர்கள் கருதுவது ஒரு கணினிக் கோப்பு. அப்பெயர் நம்மைப்போல் உண்டு உறங்கி வாழ்ந்த ஒரு மனிதருடையது என்பதை அவர்களுள்ளும் சிலரே அறிவர். பெயர் பரவப் பரவ ஆள் மறைந்தனர். அங்ஙனம் மறைந்தவரின் வரலாறு, இளமையில் எல்லாம் இழந்தும் கல்வியை இழவாத ஒருவரின் வரலாறாக இருத்தலின், அதனை நம் கல்லூரி அன்பர்முன் வைக்கத் துணிந்தோம்.

ஹைன்ஸ் ஜோசப் கெர்பர் 1924-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17-ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வியன்னா இசைக்கும் மருத்துவத்திற்கும் கல்விக்கும் பேர்பெற்ற நகரம். ஆயினும் அந்நகரின் பெருமை அங்குப் பிறந்த யூதச் சிறுவர்க்கு அரணாகவில்லை. 1938-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இட்லரின் படை ஆஸ்திரியாவிற் புகுந்தது. கெர்பருக்கு அப்பொழுது பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. அதுமுதல் யூதர்களின் கடைகள் பறிக்கப்பட்டன. பள்ளிகளினின்றும் அவர்தம் பிள்ளைகள் விலக்கப்பட்டனர். முதியவர்களைத் தெருவில் மண்டியிட்டுக் கல்லைத் தேய்க்கச் செய்து சுற்றி நின்றவர்கள் நகைத்தனர். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் ஓர் இரவும் மறுநாட் பகலுமாக அந்நகரத்து யூத ஆலயங்கள் எரிக்கப்பட்டன. நேற்றுவரை அண்டை வீட்டாராய் இருந்தவர்கள் இன்று அயலாரினும் கொடியராயினர்.

1940-ஆம் ஆண்டு கெர்பர் தம் தாயாருடன் அமெரிக்கா சென்று சேர்ந்தார். தந்தையாரை அப்பேரழிவிலே இழந்தார். இதனை ஒரே வரியில் எழுதி மேற்செல்லுதல் எளிது. நம்மில் எவரேனும் தம் பதினாறாம் வயதை எண்ணிப் பார்த்தால், அவ்வரியின் சுமை விளங்கும்.

தாயும் மகனும் கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்ஃபோர்டு நகரிற் குடியேறினர். மொழி புதிது, ஊர் புதிது, கையிற் பொருளில்லை. உழைத்துக்கொண்டே படித்த கெர்பர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பின்னர் நியூயார்க் மாகாணத்து டிராய் நகரில் உள்ள ரென்சலேர் பாலிடெக்னிக் கல்லூரியில் உதவிச் சம்பளம் பெற்று வானூர்திப் பொறியியல் பயின்றார். பிற மொழியைப் பாடமாகக் கற்பதற்கும், அம்மொழியிலேயே எல்லாப் பாடங்களையும் கற்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம்முள் சிற்றூர்ப் பள்ளியிலிருந்து வந்த மாணவர் நன்கறிவர்.

கல்லூரியிலே அவருக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. பொறியியல் மாணாக்கர் வரைபடங்களிலிருந்து அளவுகளைப் படித்தெடுத்து, வேறோர் அளவில் அமைந்த படத்திலே மீண்டும் குறிக்கவேண்டும். அளவுகோலோ மாறாதது, படங்களோ ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவின. ஒவ்வொரு புள்ளிக்கும் பெருக்கியும் வகுத்தும் கணக்கிட்டே எழுதவேண்டும். நூறு புள்ளிகள் இருப்பின் நூறு கணக்கு. அவற்றுள் ஒன்றிரண்டு தவறும். இத்தொல்லையைப் பொறாத கெர்பர், தம் இரவு உடையில் இருந்த இழுபடும் நாடாவை எடுத்து, அதன்மேல் சம இடைவெளியிற் கோடுகள் இட்டாராம். நாடாவை நீட்டினால் இடைவெளிகள் யாவும் ஒரே வீதத்தில் அகலும். விட்டால் ஒரே வீதத்திற் குறுகும். ஆகவே எந்தப் படத்தின் அளவுக்கும் அதனைப் பொருத்திக்கொள்ளலாம். கணக்கிடாமலே அளவை ஒரு படத்தினின்று மற்றொரு படத்திற்குக் கொண்டுசெல்லலாம்.

பின்பு நாடாவிற்குப் பதிலாகச் சுருள்வில் ஒன்றை அமைத்துத் திருத்தமான கருவியாக்கினார். அதுவே கெர்பர் மாறளவுகோல் எனப் பெயர் பெற்றது. நண்பர் ஒருவர் அளித்த 3,000 டாலரை முதலாகக் கொண்டு, 1948-ஆம் ஆண்டு ஹார்ட்ஃபோர்டில் கெர்பர் விஞ்ஞானக் கருவி நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு.

இவ்விடத்தே ஒன்று கவனிக்கத்தக்கது. ஒருவர் எண்ணியதை மற்றொருவர் கையிற் சேர்க்கும்போது, நடுவிலே மனிதக் கையாலும் கண்ணாலும் நேரும் பிழையை எங்ஙனம் நீக்குவது? இவ்வொரு வினாவே நாடாவில் தொடங்கி அவர் வாழ்நாள் முழுதும் அவரை விடாது தொடர்ந்தது. வரைபடங்களை எண்களாகப் படித்துத் தரும் கருவிகளையும், எண்களைப் பெற்றுத் தாமே படம் வரையும் பொறிகளையும் அவர் நிறுவனம் செய்து, வானூர்தி செய்வோர்க்கும் மோட்டார் வண்டி செய்வோர்க்கும் அளித்தது. அவ்வழியே அவர் மின்சுற்றுப் பலகைத் தொழிலுக்கு வந்து சேர்ந்தார்.

மின்சுற்றுப் பலகை என்பது இந்நாளில் நம் கைப்பேசி, வானொலி, கணினி ஆகிய எல்லாவற்றினுள்ளும் பெரும்பாலும் பச்சை நிறமாய்க் கிடக்கும் தட்டையே ஆகும். முன்னாளில் மின்பொறிகளின் உறுப்புகளைக் கம்பி கொண்டு ஒவ்வொன்றாக இணைத்தனர். அக்கம்பிகளுக்கு மாறாக, மின் கடத்தாத் தட்டின்மேல் செப்புப் படலத்தை ஒட்டி, வேண்டிய வழிகளை மட்டும் நிறுத்தி எஞ்சிய செம்பை அரித்து நீக்கும் முறையை வகுத்தவர் பால் ஐஸ்லர் என்பவர். அவரும் வியன்னாவிற் பிறந்த யூதரே. 1936-ஆம் ஆண்டு அந்நகரை விட்டு இங்கிலாந்து சென்றவர். ஆகவே பலகையை அளித்தவரும், அப்பலகையின் வரைவை ஆலைக்கு உரைக்கும் மொழியை அளித்தவரும் ஒரே நகரம் புறந்தள்ளிய இருவர். வியன்னா தான் இழந்தது இன்னதென்று அன்று அறிந்திலது.

செப்பு வழிகளின் படத்தைத் தொடக்கத்தில் கையினாலேயே செய்தனர். தெளிந்த தாளின்மேல் கரிய பட்டைகளையும் வட்டங்களையும் சிறு கத்தி கொண்டு வெட்டி ஒட்டுவர். உண்மை அளவைப்போல் இருமடங்கும் நான்மடங்குமாக ஒட்டிப் பின்னர்ப் புகைப்படம் எடுத்துச் சிறிதாக்குவர். ஒரு பட்டை சிறிது வழுவி அடுத்ததனைத் தொட்டுவிட்டால், அப்படத்தாற் செய்யும் பலகைகள் அத்தனையும் பழுதாம். கண்ணும் கையும் தளரத் தளரப் பிழை மிகும்.

1960-களில் கெர்பரின் நிறுவனம் இவ்வேலைக்கு ஒளியால் வரையும் பொறியை அமைத்தது. போட்டோபிளாட்டர் என்பது அதன் பெயர். அதன் எழுதுகோல் ஒளிக்கதிர். அதன் தாள் புகைப்படச் சுருளினும் பெரிய படலம். ஒரு சக்கரத்தில் வெவ்வேறு வடிவமும் அளவும் உள்ள துளைகள் இருக்கும். வேண்டிய துளையைத் தேர்ந்து அதன் வழியே ஒளியைப் பாய்ச்சினால், அத்துளையின் அகலத்திற்கேற்பக் கோடு விழும். ஒளியை எரியவிட்டு நகர்த்தினால் கோடு. அணைத்து நகர்த்தினால் வெற்றிடம். ஓரிடத்தில் நிறுத்தி ஒருமுறை மட்டும் மின்னச் செய்தால் புள்ளியோ சதுரமோ உண்டாம். இம்மூன்று ஏவல்களுக்கும் டி01, டி02, டி03 என்று குறியீடு இட்டனர். டி10 முதலியன இன்ன துளையைக் கொள்க என்று ஏவும். எக்ஸ், ஒய் என்னும் எழுத்துகளின் பின்வரும் எண்கள் செல்லவேண்டிய இடத்தைச் சொல்லும். கருவிகளை எண்களால் இயக்குவதற்கு முன்னரே வகுக்கப்பட்டிருந்த ஆர்.எஸ். 274-டி என்னும் விதியினின்றும் இம்மொழி எடுத்து அமைக்கப்பட்டது. இதன் இலக்கணத்தை 1980-ஆம் ஆண்டு கெர்பரின் நிறுவனமே நூலாக வெளியிட்டது. பிற நிறுவனங்களும் இம்மொழியையே மேற்கொண்டன. பல்வேறு வரைவு மென்பொருள்களும் பல்வேறு ஆலைகளும் தம்முள் பேசுதற்கு ஒரு பொதுமொழி வாய்த்தது.

எனினும் அம்மொழி குறையற்றதன்று. அக்குறையை மறைத்துப் புகழ்வது வரலாறு ஆகாது. பத்தாம் எண் துளையைக் கொள்க என்று கோப்பு சொல்லும்; பத்தாம் எண் துளையின் அகலம் எவ்வளவு என்று சொல்லாது. அவ்விவரம் தனித்தாளில் வரும். அதனை ஆலையில் ஒருவர் பார்த்துக் கையால் பதியவேண்டும். தாள் தவறினாலும், மெல்லிய கோட்டிற்குத் தடித்த துளையைப் பதிந்தாலும், அடுத்தடுத்த இரு செப்பு வழிகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். எண்களைச் சுருக்கி எழுதும் வழக்கத்தால் விளைந்த இடர் இன்னொன்று. முன்னுள்ள சுழியங்களையோ பின்னுள்ள சுழியங்களையோ விடுத்து, தசமப் புள்ளியும் இடாமல் எழுதுவர். 15000 என்னும் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களைத் தசமமாகக் கொண்டால் ஒன்றரை அங்குலம். மூன்றைக் கொண்டால் பதினைந்து அங்குலம். அங்குலத்தில் எழுதியதை மில்லிமீட்டர் என்று மென்பொருள் கொண்டாலோ, உள்ளங்கை அளவுள்ள பலகை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கி நெல்மணி அளவாய்த் திரையில் தோன்றும்.

ஏட்டுச் சுவடியைத் தொட்டறிந்த தமிழ் மாணாக்கர்க்கு இது வியப்பன்று. ஓலை கிழியும் என்றஞ்சி நம் முன்னோர் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடாது எழுதினர். எழுதியவருக்கு அது ஐயமின்றி விளங்கிற்று. அவர் மாணாக்கருக்கும் விளங்கிற்று. பல தலைமுறை கழிந்து அச்சுவடி வேற்றூரார் கைக்கு வந்தபொழுது, ஓரெழுத்தை மெய்யென்றும் உயிர்மெய்யென்றும் கொண்டு பாடபேதங்கள் பெருகின. பதிப்பாசிரியர் பட்ட பாட்டை நாம் அறிவோம். எழுத்து வந்து சேர்ந்தது. அதனைப் படிக்கும் முறை உடன் வரவில்லை. கெர்பர் கோப்பிலும் நேர்ந்தது அதுவே.

இக்குறையைப் போக்கிய விரிந்த வடிவத்தின் விதிநூல் 1998-ஆம் ஆண்டு வெளிவந்தது. எக்ஸ் என்னும் எழுத்தால் குறிக்கப்பெறும் அவ்வடிவத்திலே, அங்குலமா மில்லிமீட்டரா என்பதும், தசம இலக்கங்கள் எத்தனை என்பதும், ஒவ்வொரு துளையின் வடிவும் அளவும் கோப்பின் தலைப்பிலேயே எழுதப்படுகின்றன. மூலமும் உரையும் ஒரே கட்டில் வந்துவிட்டன என்னலாம். இந்நாளில் இம்மொழியைப் பேணிவரும் பெல்ஜியம் நாட்டு யூகாம்கோ நிறுவனம், 2014-ஆம் ஆண்டு மேலும் ஒன்றைச் சேர்த்தது. இக்கோப்பு மேற்புறச் செம்பிற்கு உரியது, இது பச்சைப் பூச்சிற்கு உரியது என்று ஒவ்வொரு கோப்பும் தன் இயல்பைத் தானே கூற அது வழிசெய்தது.

ஆயினும் மனிதரின் விழிப்பிற்கு வேலை இல்லாமற் போகவில்லை. ஆலையில் கோப்புகளை மென்பொருளுள் கொணரும் பணியாளர், செப்புப் படலங்கள், பூச்சு, எழுத்து, விளிம்பு, துளைகள் ஆகிய கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பர். துளை வட்டத்தின் நடுவில் விழுகிறதா, அடிப்புறத்து எழுத்து மேலிருந்து காணுங்கால் கண்ணாடியிற் கண்டாற்போல் திரும்பி நிற்கிறதா, பலகையின் நீளம் சொல்லிய நீளமா என்று ஆராய்வர். திரும்பி நிற்கவேண்டிய எழுத்து நேராக நின்றால், அப்படலமே தலைகீழாய் வந்துள்ளது என்று அறிந்து வேலையை நிறுத்துவர். அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புத் திருத்துவோரின் பணி போன்றது இது. இங்கே கண்டால் ஒரு பிழை. பின்னர்க் கண்டால் ஆயிரம் பலகை.

நிற்க. கெர்பரின் பெயர் இவ்வொரு துறையோடு நின்றதன்று. 1969-ஆம் ஆண்டு அவர் நிறுவனம் துணி வெட்டும் தானியங்கிப் பொறியை வெளியிட்டது. மரமும் இரும்பும் வெட்டுங்கால் அசையாது நிற்கும்; துணியோ குழைந்து மடங்கும்; பல அடுக்காக வைத்தால் வழுக்கும். மயிர்க்கால் போன்ற தூரிகைகள் நெருங்கிய மேடையின்மேல் துணியை அடுக்கி, மேலே மெல்லிய படலம் விரித்து, கீழிருந்து காற்றை உறிஞ்சினால் துணி அழுந்தி இறுகும். கத்தி தூரிகைகளினூடே தடையின்றிச் செல்லும். கணினியில் உள்ள வடிவம் அப்படியே துணியில் வெட்டுண்டது.

இவ்விடத்தில் நம்முள் ஓர் ஐயம் எழாமல் இல்லை. வெட்டுவோரும் ஒட்டுவோரும் பல்லாண்டு பழகிக் கைவந்த தொழிலைப் பொறி எடுத்துக்கொண்டதே. அவர்தம் பிழைப்பு என்னவாயிற்று? இவ்வினாவைக் கேளாமல் பொறிகளைப் போற்றுதல் முறையன்று. கை நூற்பையும் கைத்தறியையும் ஆலைகள் நலித்த வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. கையின் தேர்ச்சி ஒரு தலைமுறையிலே மதிப்பிழப்பது சிறிய துயரமன்று. மற்றொரு புறம், அன்று பெருஞ்செல்வமுள்ள நிறுவனமே செய்யத்தக்கதாய் இருந்த மின்சுற்றுப் பலகையை, இன்று ஒரு கல்லூரி மாணவர் தம் அறையிலிருந்தே வரைந்து, கோப்பைக் கடல் கடந்த ஆலைக்கு அனுப்பி, சில நாட்களிற் பெற்றுக்கொள்ளுகிறார். இழப்பும் பேறும் இருவேறு கைகளில் விழுந்தன. இரண்டையும் சேர்த்து எண்ணுவதே நேர்மை என்று நமக்குத் தோன்றுகிறது.

1994-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கெர்பருக்கு அளிக்கப்பட்டது. இருபது வயது நிரம்புமுன் அகதியாய் வந்த நாட்டிலே, எழுபதாம் வயதிற் பெற்ற சிறப்பு அது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் காலமானார். குறை நீங்கிய விதிநூல் அவர் மறைந்து ஈராண்டு கழித்தே வெளிவந்தது. அவர் நிறுவிய தாய் நிறுவனம் 2011-ஆம் ஆண்டு பிறர் கைக்கு மாறியது. துணி வெட்டும் பிரிவு 2021-ஆம் ஆண்டு லெக்ட்ரா என்னும் பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்தது. நிறுவனங்கள் கைமாறின. பெயர் மட்டும் கோப்பின் பெயராய் நிலைத்தது.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? பெரிய கண்டுபிடிப்புகள் பெரிய ஆய்வுக்கூடத்திலேதான் பிறக்கும் என்பதில்லை. வீட்டுப்பாடத்தின் தொல்லையிலும் பிறக்கும் என்பது ஒன்று. அத்தொல்லையை முணுமுணுத்துச் செய்து முடிப்பார் பலர். அது ஏன் இருக்கவேண்டும் என்று வினவுவார் சிலர். மற்றொன்று நம் படிப்பிற்கே உரியது. நாம் எழுதுவது நமக்கு விளங்கினால் போதாது. நம்மை ஒருநாளும் காணாத ஒருவர், தொலைவிலே, நாம் அருகில் நின்று விளக்க இயலாத நிலையிலே, அதனைத் திறந்து படிப்பார். அவருக்கு வேண்டிய அளவையும் குறிப்பையும் எழுத்தோடு சேர்த்து அனுப்பவேண்டும். பொறிக்கு எழுதினாலும் மனிதருக்கு எழுதினாலும் இக்கடமை ஒன்றே.

நம் கல்லூரியிலிருந்து இவ்வாண்டு வெளிச்செல்லும் அன்பர் சிலர் ஆலைகளிலும் கணினித் தொழிலிலும் புகக்கூடும். அங்கே கெர்பர் என்னும் சொல் செவியிற் படுங்கால், அதனை வெறும் கோப்பின் பெயராகக் கொள்ளாது, வியன்னாவை விட்டுத் தாயோடு கடல் கடந்த இளைஞர் ஒருவரை ஒருகணம் நினைப்பாராக. ஆகுபெயரில் மறைந்த ஆளுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அவ்வளவே.